ஏப்ரல் முதல் நாம் சாப்ட்வேர் விற்கப்போவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

வருகிற ஏப்ரல் 1 முதல் நம் கடையில் புதிதாக எந்தச் சாப்ட்வேரும் விற்கப்போவதில்லை. ஏஎம்சி என்று, விற்ற சாப்ட்வேரைப் பராமரிக்க வருஷாவருஷம் வாங்கிக்கொண்டிருந்த பணமும் மார்ச் 31-ஓடு நிற்கிறது. விஷயம் எப்படியோ வெளியே போய் நாலைந்து பேர் போன் செய்துவிட்டார்கள். "ஏனுங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் ஒரு அண்ணன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. காங்கேயம் ரோட்டில் அதே மாடியில்தான் இருப்பேன். சோலிதான் மாறுகிறது. இனிமேல் உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன், கேட்டால் யோசனை சொல்வேன், அவ்வளவுதான். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஏன் என்று விவரமாகச் சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990-ல் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏசி ரூம். முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். நிட்டிங்கில் இருந்து பறந்து வரும் பஞ்சு பிளாப்பிக்குள் போய்விடும் என்று பிளாப்பிகளை டிபன் பாக்ஸில் போட்டு வைத்திருப்பேன். டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற அந்தக் காலத்து டேட்டாபேஸ் சாப்ட்வேரில் எழுதினோம். அதில் ஒரு பீல்டின், அதாவது ஒரு கட்டத்தின், பெயர் பத்து எழுத்தைத் தாண்டக்கூடாது. அதனால் கண்டபடி சுருக்கிச் சுருக்கி வைத்த பெயர்கள் ஆறு மாசம் கழித்து எனக்கே புரியாது.

சாயத்துக்குப் போகும் துணிக்கு எடைக்கணக்கு எழுதியதுதான் முதல் வேலை. 500 கிலோ கோராத்துணி (சாயம் போடாத துணி) போனது, 465 கிலோ திரும்பி வந்தது. 35 கிலோ லாஸ். ஒப்புக்கொண்ட லாஸ் 7 சதவீதம். என் புரோகிராம் ஏழரை என்று காட்டியது. பணத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்று சாயப்பட்டறைக்கு டெபிட் நோட்டும் போய்விட்டது. மறுநாள் காலையில் பட்டறைக்காரர் வாசலில் நிற்கிறார். கணக்குப்பிள்ளை அண்ணன் சலான் நோட்டைப் புரட்டினார், பென்சிலை எடுத்தார், பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். "தம்பி, போன எடைக்குத்தான் லாஸ் பார்க்கோணும். நீ வந்த எடைக்குப் பார்த்திருக்கற." 35-ஐ 500-ஆல் வகுத்தால் 7. 465-ஆல் வகுத்தால் ஏழரை. அந்த அரை சதவீதத்துக்குத்தான் ஏழரை பிடித்தது. கம்ப்யூட்டரைத் தொடாத அந்த மனுஷன் இரண்டு நிமிஷத்தில் பிடித்ததை, இரண்டு மாசம் எழுதிய நான் பார்க்கவில்லை.

1997-ல் பெங்களூரு போனேன். ஒய்2கே காலம். கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் இருக்கும். 2000 பிறந்தால் 00 என்று வரும், அதை 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டிக்கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். ஆயிரக்கணக்கான வரிகளில் தேதி எங்கெங்கே இருக்கிறது என்று தேடித் திருத்துவதுதான் வேலை. சம்பளம் நன்றாகவே இருந்தது. அப்புறம் மேனேஜர் ஆக்கினார்கள். காலையில் மீட்டிங், மத்தியானம் மீட்டிங், சாயங்காலம் காலை மீட்டிங்கைப் பற்றி ரிப்போர்ட். ஒரு வருஷம் ஒரு வரி கூட எழுதவில்லை. 2003-ல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மைக்ரோசாப்டின் விஷுவல் பாக்ஸ்புரோவில் எழுதிய கணக்கு பேக்கேஜைத்தான் அவிநாசி, பெருந்துறை, சென்னிமலை, கரூர் என்று உங்களிடம் விற்றேன். 2007 ஜனவரி 1-ல் வாட் வரி வந்தது, அதற்கு மாற்றிக்கொடுத்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே 2007-ல், பாக்ஸ்புரோவுக்கு அடுத்த பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாப்ட் அறிவித்துவிட்டது. 2015 ஜனவரியோடு ஆதரவையும் நிறுத்தியது. நான் உங்கள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. "ஓடுதுல்ல, ஓடட்டும்" என்று இருந்துவிட்டேன். சொல்லியிருந்தால் நீங்கள் வேறு ஆளைத் தேடிப் போயிருப்பீர்கள் என்ற பயம்தான் காரணம். தப்புதானுங்க.

சொல்லிக்கொடுக்கிற சோலி ஆசைப்பட்டுத் தொடங்கியதல்ல. 2011 ஜனவரி கடைசியில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் ஐகோர்ட் உத்தரவுப்படி சாயப்பட்டறைகளை மூடினார்கள். என் வாடிக்கையாளர்களில் பதினொரு பட்டறைகள். சாயம் நின்றதும் நிட்டிங், கட்டிங் எல்லாம் தடுமாறின. ஏஎம்சி கேட்கப் போகவே கூச்சமாக இருந்தது. அந்த வருஷம் வீட்டு முன்அறையில் சாயங்காலம் ஆறு பேருக்கு எக்செல்லும், டேட்டாபேஸில் இருந்து கணக்கைத் தேடி எடுக்கிற எஸ்கியூஎல்லும் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுச் செலவுக்காகத்தான். பட்டறைகள் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் அதை விட மனசு வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, உருப்படி விலை 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அவசரத்தில் அந்த 1000-த்தை புரோகிராமுக்குள் ஏழு இடங்களில் நேரடியாக எழுதிவைத்தேன். எட்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. 2025 செப்டம்பர் 3 ராத்திரி அறிவிப்பு வந்தது. 22-ஆம் தேதி முதல் 2500 வரை 5, அதற்கு மேல் 18. இடையில் பத்தொன்பது நாள்தான். உள்ளூர் வியாபாரம் செய்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் பைக்கில் போய் ஏழு இடத்தையும் மாற்றினேன். ஏஎம்சி கொடுத்தவர்களுக்குச் செய்துதானே ஆக வேண்டும். கடைசி நாலு நாள் தூக்கமே இல்லை.

காதர்பேட்டைக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருந்து மட்டும் போனே வரவில்லை. பயந்துபோய் நானே கூப்பிட்டேன். அங்கே பில் போடும் அம்மிணி முன்பு செக்கிங்கில் இருந்தவர், மூன்று வருஷம் முன்பு முதலாளி நம் வகுப்புக்கு அனுப்பிவைத்தார். "மாத்திட்டேனுங்கண்ணா" என்றார். வகுப்பில் சொன்னதை வைத்து, வரி விகிதத்தை எப்போதோ தனி டேபிளாக, தேதியோடு பிரித்து வைத்திருக்கிறார். அந்த டேபிளில் புதிதாக இரண்டு வரிசை சேர்த்தார், முடிந்தது. "999, 1000, 1001, 2500, 2501 அஞ்சுக்கும் பில் போட்டுப் பார்த்துட்டனுங்க. 21-ந் தேதி போட்டா பழைய ரேட்டுத்தான் வருது" என்றும் சொன்னார். சரியாக விளிம்பில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது நான் எழுதிய புரோகிராமுக்கு நானே பல தடவை செய்யாத வேலை.

பைக்கில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். உங்கள் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாத வரைக்கும்தான் எனக்கு ஏஎம்சி வருகிறது. இப்படி ஒரு ஏற்பாட்டில் நான் நல்லவனாகவே இருந்தாலும் உங்களுக்கு நல்லதல்ல.

"இப்பத்தான் ஏஐ வந்துடுச்சே, படிச்சு என்ன பண்றது?" என்றும் கேட்கிறார்கள். நானும் தினமும் அதை வைத்துத்தான் எழுதுகிறேன், வேலை வேகமாகத்தான் முடிகிறது. போன மாசம் சாய லாஸ் கணக்கை எழுதச் சொன்னேன். எதற்கு எத்தனை சதவீதம் என்று நான் தெளிவாகச் சொல்லவில்லை. வந்த எடையால் வகுத்துக் கொடுத்தது. அதே 465! சிரிப்பு வந்தது. அந்தக் கணக்குப்பிள்ளை அண்ணன் மாதிரி ஒருவர் உங்கள் ஆபீசில் இருக்க வேண்டும், அவருக்குக் கம்ப்யூட்டர் பயமும் போயிருக்க வேண்டும். அதற்குத்தான் வகுப்பு.

இப்போது ஓடுகிற புரோகிராமின் சோர்ஸ் கோடு, அதாவது நான் எழுதிய மூல வரிகள், முழுவதையும் பென்டிரைவில் போட்டு மார்ச்சுக்குள் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுவேன். காசு வேண்டாம், அது உங்களுடையது. வேறு யாரையாவது வைத்துத் திருத்திக்கொள்ளலாம். மார்ச் 31-க்குப் பிறகு ஏஎம்சியில் நாள் பாக்கி இருக்கிறவர்களுக்கு அந்தப் பணத்தை வகுப்பில் கழித்துக்கொள்கிறேன், வேண்டாம் என்றால் திருப்பித் தருகிறேன். வகுப்பு உங்கள் கம்பெனியிலேயே, உங்கள் சொந்தக் கணக்கை வைத்தே நடக்கும். ஒரு கம்பெனிக்கு இரண்டு பேர். ஒருவரை மட்டும் அனுப்பினால் அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் திரும்ப என்னைத்தான் கூப்பிடுவீர்கள். அதில் ஒருவராவது பில் போடுகிறவராகவோ சலான் பார்க்கிறவராகவோ இருக்கட்டும். முதலாளி மகன் என்பதற்காக யாரையும் சேர்க்க வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை சம்பள நாள், அன்று வகுப்பு கிடையாது.

யோசனைக்கு அரை நாள், முழு நாள் என்று கணக்கு. 18 சதவீத ஜிஎஸ்டி தனி. வேறு கம்பெனியிடம் சாப்ட்வேர் வாங்கப்போகிறீர்கள் என்றால் கொட்டேஷனைக் கொண்டுவாருங்கள், கூட உட்கார்ந்து பார்ப்பேன். விற்கிறவர்களிடம் கமிஷன் வாங்கமாட்டேன். கேட்டுப் பார்த்துவிட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். சில சமயம் "இது உங்களுக்கு வேண்டாம், நோட்டே போதும்" என்றும் சொல்வேன், அதற்கும் அரை நாள் காசு உண்டு.

முதல் வகுப்புக்கு லேப்டாப் தேவையில்லை. கடைசி மூன்று மாச சலான் நோட்டுகளையும் ஒரு பென்சிலையும் எடுத்து வையுங்கள், மற்றதை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் சாப்ட்வேர்காரன்
காங்கேயம் ரோடு, திருப்பூர்