யார் வண்டி முதலில் நிற்கிறது?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியைப் படித்து மனசு நிறைந்துவிட்டது. பெட்ரோல் விற்கிற விலையில் அவளுக்கு வண்டி எதற்கு என்று வீட்டில் பேச்சு வருவதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதே. விலை ஏறினால் முதலில் ஓரம்கட்டப்படுவது பெண்ணின் வண்டிதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அவர் வண்டியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அது வேலைக்குப் போகிற வண்டியாம். என் வேலைகளுக்கு மட்டும் "நடந்தே போய்விடலாமே" என்று முடிவாயிற்று. நடக்கலாம்தான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தால்தான் தெரியும்.

பேருந்தில் போனாலும் அப்படித்தான். ஆண்கள் பெரும்பாலும் வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். நாமோ பள்ளி, மருந்துக்கடை, வயதானவர்களுக்கு மருத்துவர் என்று துண்டு துண்டாகப் போகிறோம். கட்டணம் ஏறினால் ஒவ்வொரு துண்டுக்கும் ஏறுகிறது. வண்டி ஓட்டியே பிழைக்கிற ஆண்களுக்கு அடி நேரடியாக விழுகிறது, அதை நான் மறுக்கவில்லை.

அடுப்படிதான் என்னை அதிகம் வருத்துகிறது. எரிவாயு கட்டுப்படியாகாத வீடுகள் விறகுக்குத் திரும்புகின்றன. 2022-ல் விலை எகிறியபோது, உலகெங்கும் ஏறக்குறைய 10 கோடி பேர் மறுபடியும் விறகடுப்புக்குத் தள்ளப்படலாம் என்று சர்வதேச எரிசக்தி முகமை எச்சரித்தது. பொறுக்கிவந்த விறகுக்குக் காசு இல்லை என்பதால் செலவு குறைந்த மாதிரி தெரியும். பொறுக்கப் போன நேரம், ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணில் நீர் வழிவது, நெஞ்சில் சேர்கிற புகை, இதெல்லாம் எந்தக் கணக்கில் வரும்? விறகு, கரி போன்றவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் சூழும் புகையால், உலகெங்கும் 2020-ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கணக்கெடுக்கிறவர்கள் குடும்பத்தை ஒரே ஆளாகப் பார்ப்பதுதான் எனக்கு ஆறவில்லை. எரிபொருளுக்கு வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வீட்டுக்குள் யார் நடந்தார், யார் அடுப்பை ஊதினார் என்று கேட்பதில்லை. நிவாரணம் என்றாலும் பெரும்பாலும் பெட்ரோல் வரியைத்தான் குறைக்கிறார்கள். அதிகம் வண்டி ஓட்டுகிறவருக்கே அதில் அதிக லாபம். அதே பணத்தைச் சமையல் எரிவாயுவுக்கும் பேருந்துக்கும் கொடுத்தால் பெண்கள் கைக்கு நேராக வந்து சேரும்.

அப்புறம், உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தோழி