கை நனைத்தலும் சாப்பிடுதலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் வரும் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளை ஐந்தாம் தரம் படிக்கும் என் பேத்தி ஒன்று விடாமல் செய்கிறாள். போன கிழமை மரபுத்தொடர்ப் பகுதியில் 'கை நனைத்தல்' வந்தது. விடை 'உணவு உண்ணல்'. சரியாகக் கோடிட்டாள், புள்ளியும் எடுத்தாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து இறங்கியதும் இறங்காததுமாக, "அம்மம்மா, நான் வகுப்பிலேயே கை நனைச்சிட்டன், சோறு வேண்டாம்" என்றாள்.

நான் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எனக்கு மனம் ஒரு மாதிரிப் போய்விட்டது. தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து உண்பதை யாரும் கை நனைப்பது என்று சொல்வதில்லை. இன்னொருவர் வீட்டில் சாப்பிட்டால்தான் அந்தச் சொல் வரும், அந்த வீட்டோடு உறவு உண்டு என்பதும் அதற்குள் வந்துவிடும். சம்பந்தம் பேசப் போன இடத்தில் காரியம் சரிவரும்வரை கை நனைக்காமல் திரும்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இப்போதும் இருக்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு குடும்பங்கள் வேலிச் சண்டையால் பேச்சை விட்டவை. கதியாலை ஒரு முழம் தள்ளிப் போட்டதுதான் விசயம். "செத்தாலும் அந்த வீட்டில கை நனைக்க மாட்டன்" என்று ஒரு வீட்டு அப்பு சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஒன்பது வருசம் அப்படியே போனது. 2009 இல் போரால் இடம்பெயர்ந்து இரண்டு குடும்பமும் செட்டிகுளம் முகாமில் அடுத்தடுத்த கூடாரத்தில் வந்து சேர்ந்தன. ஒரு மத்தியானம் பக்கத்துக் கூடாரத்து அக்கா சோறும் பருப்பும் போட்ட தட்டை நீட்டினா. அப்பு கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போத்தலைச் சரித்துக் கையைக் கழுவிவிட்டு வாங்கினார். என் அம்மா மெல்ல, "கை நனைச்சிட்டார்" என்றா. 'சாப்பிட்டார்' என்றிருந்தால் அங்கே நடந்ததில் பாதிகூட வந்திருக்காது.

அதே பட்டியலில் 'மோசம் போதல்' என்பதற்கு 'ஏமாறுதல்' என்று மட்டும் இருந்தது. இங்கே ஒருவர் படலையடியில் வந்து "ஐயா மோசம் போட்டார்" என்றால், யார் ஏமாற்றியது என்றா கேட்போம்? கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு செத்தவீட்டுக்கல்லவா ஓடுவோம்.

ஆனால் என்னை எழுத வைத்தது முன்பக்கச் செய்தி. தலைப்பில் 'காணாமல் போனோர்', உள்ளே 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. "ரெண்டும் ஒத்தசொல்தானே அம்மம்மா?" என்று பிள்ளை கேட்டது. எனக்கு உடனே வாய் வரவில்லை. ஆடு காணாமல் போகும், திறப்பு காணாமல் போகும். போர் முடிந்தபோது வட்டுவாகலில் தாய் தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளையை அப்படி எப்படிச் சொல்வது? 'ஆக்கப்பட்டார்' செயப்பாட்டுவினை. வசனத்தில் பெயர் இல்லாவிட்டாலும் ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று போராடத் தொடங்கிய தாய்மார் அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கவே இல்லை. இலக்கணப் புத்தகம் பார்த்து அவர்கள் அதைத் தெரிந்தெடுக்கவில்லை.

தயவுசெய்து தலைப்பு எழுதும்போதும் அந்தச் சொல்லையே போடுங்கள். எழுத்து ஐந்து கூடும், கூடட்டும். மாணவர் பகுதியில் மரபுத்தொடருக்கு நேரே பொருளை மட்டும் போடாமல், யார் யாரிடம் எப்போது சொல்வார்கள் என்று தெரியும்படி ஒரு வசனமும் சேருங்கள். பேத்தியின் கொப்பியில் நான் எழுதிக் கொடுத்தது இது: 'ஒன்பது வருசத்துக்குப் பிறகு அப்பு அவர்களிடம் கை நனைத்தார்.' உங்கள் பக்கத்தில் ஒரு வரிதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வட்டக்கச்சி.