ஊசி ஏன் கைவிடுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். ஆண் ஹார்மோன்தான் அந்தக் கட்டிக்குத் தீனி, அதை நிறுத்தினால் கட்டி சுருங்கும் என்கிறீர்கள். சரிதான். சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1941-லேயே காட்டியது; 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். கட்டுரை அதோடு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கதை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

அந்த ஹார்மோனைக் குறைக்கும் ஊசிக்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அண்ணனைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் போய்வந்தோம். கட்டியின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் நன்றாக இறங்கியது. இரண்டு வருஷத்தில் மறுபடி ஏறியது. ஒளித்துத் தின்ற கருவாடுதான் காரணம் என்று மதினி சண்டைக்கு வந்துவிட்டார்.

கருவாட்டின் மேல் தப்பில்லை. செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. எங்கள் ஊர்க் குளத்து மடை மாதிரி. ஹார்மோன் வந்து ஒட்டினால்தான் திறக்கும். 'பெருகு' என்ற உத்தரவு செல்லின் கருவுக்குப் போகும். ஊசி போட்டு ஹார்மோனைக் குறைத்ததும் சில புற்றுசெல்கள் அந்த ஏற்பியையே ஏராளமாகச் செய்துகொள்கின்றன. மிச்சம்மீதி ஹார்மோனே அவற்றுக்குப் போதும். இன்னும் சில செல்களில் அந்த ஏற்பியின் ஏஆர்-வி7 என்ற குறைப்பிரதி உருவாகிறது. ஹார்மோன் ஒட்டும் பகுதியே அதில் கிடையாது. கதவில்லாத மடை, யார் உத்தரவும் இல்லாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். பி-டென் (PTEN) என்ற புரதம் தொலைந்துபோனால் ஏகேடி என்ற இன்னொரு வளர்ச்சிப் பாதைக்கும் பிரேக் போய்விடும்.

ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட ஒரு மரபணுவோடு இஆர்ஜி என்ற மரபணு தப்பாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஹார்மோன் வரும்போதெல்லாம் வேண்டாத இஆர்ஜி புரதம் செல்லில் குவியும். 2005-ல் இதை வெளியிட்டது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு. பெயரைப் பார்த்ததும் ஏனோ ஒரு சந்தோஷம்.

இதையெல்லாம் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. ஊசி தோற்றால் நோயாளி பத்தியம் மீறினார் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். அந்தப் பாதிக் கதையையும் எழுதுங்கள். அண்ணன் இப்போது அபிராடெரோன் மாத்திரை சாப்பிடுகிறார். அட்ரினல் சுரப்பியிலும் கட்டிக்குள்ளும் ஹார்மோன் ஊறுவதையே தடுக்கும் மருந்து அது. கருவாட்டுக்கு மட்டும் மதினி இன்னும் அனுமதி தரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செங்கோட்டை