கையை நனைக்காதே

வேளச்சேரி,
ஞாயிறு காலை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். கையை நனைக்காதே. குளிக்கும்போது பாலித்தீன் பை கட்டிக்கொள். டி.டி. ஊசி போட்டாயா என்று கேட்க அம்மா மூன்று முறை போன் போட்டாள், நீ எடுக்கவில்லை. நான் போட்டதும் எடுத்து, "ரெண்டு தையல்தான்பா, டியூட்டில இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கொரியரில் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் வருகிறது, அதோடு இதையும் வைத்திருக்கிறேன். பொடி டப்பாவைத் திறக்கும்போதாவது படிப்பாய்.

அக்காவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்கள். லீவு கிடைக்குமா பார். மாடியில் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. வேறு சமாச்சாரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பேப்பரை எடுத்து வைத்திருக்கிறேன். 'அரிவாளால் வெட்டிவிட்டுத் தப்ப முயன்ற ரவுடி சுட்டுப் பிடிப்பு, எஸ்.ஐ. காயம்.' உன் பெயர் போட்டிருந்தது. நம் பிளாட் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் வாழ்த்துப் போட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் வாக்கிங்கில் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவனுங்களுக்கெல்லாம் கோர்ட்டு, கேஸுன்னு எதுக்கு சார் செலவு? உங்க பையனுக்கு மெடல் நிச்சயம்" என்றார். நானும் தலையாட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்ற நிம்மதியும் அதில் சேர்ந்திருந்தது.

ஆனால் மெடல் பேச்சை நீ காதில் வாங்காதே. என்கவுன்டர் பற்றி 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பயிற்சியிலேயே உனக்குச் சொல்லியிருப்பார்கள். எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் ஆட்களோ விசாரிக்க வேண்டும், வீரச்செயல்தான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும்வரை பரிசும் கூடாது, பதவி உயர்வும் கூடாது. ஆள் செத்தால்தான் என்றில்லை, பலத்த காயம் பட்டாலும் முடிந்தவரை இதையே பின்பற்ற வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 2019-ல் ஹைதராபாத்தில் ஒரு பெண் டாக்டர் கொலை வழக்கில் பிடித்த நான்கு பேரைச் சுட்டபோது ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த கமிஷன் 2022-ல் அறிக்கை கொடுத்தது: வேண்டுமென்றே சுட்டது, 10 போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று. பூ போட்ட யாரும் அந்தப் பத்துப் பேரோடு கூண்டில் வந்து நிற்கப் போவதில்லை.

பேப்பரில் வந்த அந்தப் பையனின் அம்மாவை டி.வி.யில் காட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசல். கையில் வயர் கூடை, அதில் ஒரு பிளாஸ்க், அதன்மேல் மடித்த லுங்கி. "காலை எடுக்கணும்னு சொல்றாங்க, பாக்க விட மாட்டேங்கறாங்க" என்றார். அதற்குள் யாரோ இடித்து லுங்கி கீழே விழுந்தது. எடுத்து, மண்ணைத் தட்டி, முதலில் மடித்த மாதிரியே மடித்துத் திரும்பப் பிளாஸ்க் மேல் வைத்தார். மைக் அதற்குள் வேறு ஆளிடம் போய்விட்டது. அவன் மேல் ஏழெட்டுக் கேஸ் இருக்கிறது, தெரியும். வெட்டுப்பட்டவர்கள் வீட்டிலும் அம்மாக்கள் இருக்கிறார்கள், அதுவும் தெரியும். இருந்தாலும் உன் அம்மா டி.வி.யை அணைத்துவிட்டுப் போனவள் ராத்திரி சாப்பிடவில்லை. என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

கையை நனைக்காதே. ஒரு பேப்பரில் வலது கை என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் இடது கை.

2018 மே 22 உனக்கு மறந்திருக்காது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தின் 100-வது நாள். 13 பேர் செத்தார்கள். மாமா போனை எடுக்காத அந்தச் சாயங்காலம் அம்மா சாமி படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். "சுட்டவன் எவன், சுடச் சொன்னவன் எவன், பேரைச் சொல்லுங்கடா" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினேன். நீ காலேஜ் பையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நின்றாய். அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-ல் அறிக்கை கொடுத்து, 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்தக் குடும்பங்கள் வருஷா வருஷம் மே 22 அன்று நான் கத்தியதையேதான் கேட்கிறார்கள்.

அப்படிக் கத்தியவன் 2012-ல் என்ன செய்தேன்? இதை எழுதத்தான் நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

பெருங்குடியில் ஒரு பேங்க், அடுத்த மாதமே கீழ்க்கட்டளையில் ஒரு பேங்க் கொள்ளை போனது. அப்போது நான் கேஷ் கவுன்டரில். முதுகில் பை மாட்டிய எவன் உள்ளே வந்தாலும் நோட்டை எண்ணுகிற விரல் நின்றுவிடும். பிப்ரவரி 23, விடிவதற்கு முன்னால், நம் வேளச்சேரியிலேயே ஐந்து பேரைச் சுட்டார்கள். எல்லாரும் வடக்கிலிருந்து வந்தவர்கள். நான் அன்றைக்கு ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி பிராஞ்ச் முழுக்கக் கொடுத்தேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ எட்டாம் வகுப்பு. ஒரு கடி கடித்துவிட்டுக் கேட்டாய்: "அவங்கதான் திருடினாங்கன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்களாப்பா?"

அறைந்தேன். "உங்கப்பன் செத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன். நீ அழவில்லை. கடித்த துண்டை டப்பா மூடியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அந்த வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் தெருவில் வடநாட்டுப் பையன்களுக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. நானும் பேசாமல்தான் இருந்தேன்.

நீ கேட்டது சரியான கேள்வி, தம்பி. அடித்தது தப்பு. பதின்மூன்று வயதில் நீ கேட்ட மாதிரி ஒரு கேள்வியை அதற்கப்புறம் என்னிடம் கேட்டதே இல்லை. போலீஸில் சேர்ந்தபோதுகூட, சேரட்டுமா என்று கேட்கவில்லை, சேர்ந்துவிட்டேன் என்றுதான் சொன்னாய்.

விசாரணை என்று யார் கூப்பிட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல். அவன் உன்னை வெட்டியிருந்தால் அதையும் அப்படியே சொல், எவனுக்கும் பயப்படாதே. எழுதி நீட்டுகிற காகிதத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. முப்பத்தைந்து வருஷம் வவுச்சரில் கையெழுத்துப் போட்டவன் சொல்கிறேன், பின்னால் அந்தக் காகிதத்துக்கு நீ ஒருத்தன்தான் பதில் சொல்ல வேண்டும். பெரியவர்கள் யாரும் வர மாட்டார்கள். வேலைக்கு ஏதாவது வந்தால் வரட்டும். வீடு இருக்கிறது, என் பென்ஷன் இருக்கிறது. உன் அறையில் யாரையும் வைக்கவில்லை.

மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு. தையல் பிரித்ததும் ஒரு நாள் வந்துவிட்டுப் போ, ராத்திரி வண்டியானாலும் பரவாயில்லை, தாம்பரத்தில் நான் வந்து நிற்கிறேன். இன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய். எந்தக் கை என்று அவளிடம் சொல்.

அன்புடன்,
அப்பா