இருட்டில் வேலை பார்த்த அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று ராத்திரி கரி அடுப்புப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள்: "ஒரு கல்யாணத்துக்கு எத்தனை படம் எடுப்பே பாப்பா?" 3,000 வரும் என்றேன். உங்கள் ஆக்ஃபா கிளிக் கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். அதில் ஒன்று வீணாகிவிட்டால் வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவீர்கள். 3,000 என்றதும் ஒன்றும் பேசாமல் கரியைக் கிளறினீர்கள். அப்புறம், "அவ்வளவுல எது அவங்களுக்கு வேணுங்கிற படம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டீர்கள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சென்னைக்குப் போய் போட்டோகிராபராகி 14 வருடமாகிறது. இதுவரை நீங்கள் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, வாடகை கட்டினாயா, நீலகிரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்ததா என்பதுதான். வேலையைப் பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது. நேரில் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துவிடும், அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஃபிலிம் ஃபேக்டரியில் உங்களோடு ஷிஃப்ட் பார்த்தவர்களின் பிள்ளைகள் பல ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், என் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஊட்டியின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-ல் ஆரம்பித்த கம்பெனி, 1967-ல் உற்பத்தி. இந்து நகர் என்று குடியிருப்புக்கே ஃபிலிமின் பெயர். இந்து என்றால் நிலா என்று சின்ன வயதில் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். இந்த மலைக்காற்றில் தூசி கம்மி, அதனால்தான் ஃபேக்டரி இங்கே வந்தது என்பீர்கள். வெள்ளி நைட்ரேட்டும் பொட்டாசியம் புரோமைடும் ஜெலட்டினில் கலந்து, வெளிச்சம் பட்டால் படம் பதிகிற எமல்ஷன் ஆவதை, அம்மா பாகு காய்ச்சுவதைச் சொல்வது போலச் சொல்வீர்கள். ஃபிலிமுக்கு அந்த எமல்ஷனைப் பூசுவது முழு இருட்டில். எதிரே வருபவர் மேல் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே நடப்போம் என்று சொல்வீர்கள். எந்தப் பக்கம் எமல்ஷன் என்று தெரியாவிட்டால் ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பது, ஒட்டினால் அதுதான் எமல்ஷன் பக்கம்.

ஆயிரக்கணக்கான பேர் படமெடுக்கவும் ஆஸ்பத்திரிகளில் எலும்பைப் பார்க்கவும் ஃபிலிம் செய்துகொடுத்தீர்கள். நீங்கள் வேலை செய்யும்போது எடுத்த ஒரு படம்கூட நம் வீட்டில் இல்லை. அந்த இடத்தில் யாராலும் எடுத்திருக்க முடியாது.

சரி, சென்னைக்கு வருகிறேன்.

முதல் வருடம் எனக்குப் பெரிய எதிரி வெயில். ஊட்டியில் மேகம் வந்து ஊருக்கே வெள்ளைத் துணி கட்டிவிடும், முகத்தில் நிழல் விழாது. அதைப் பார்த்தே வளர்ந்தவளுக்குச் சென்னையின் மத்தியான வெயிலில் ஒரு முகத்தை எடுக்கத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே குழி, மூக்குக்குக் கீழே கறுப்பு. ஒரு பாத்திரக் கடைக்கு எவர்சில்வர் குடமும் தூக்கும் எடுக்கப் போனேன். குடத்தைப் பார்த்தால் அதற்குள் நான் நிற்கிறேன், என் கேமரா நிற்கிறது, கடையின் டியூப் லைட் வரிசையாக நிற்கிறது. எப்படித் திருப்பினாலும் அதேதான். அன்று ராத்திரி பெட்டியைத் திறந்தபோது, பஸ்ஸில் போர்த்திக்கொள்ள நீங்கள் கொடுத்தனுப்பிய 8 முழ வேட்டி இருந்தது. மறுநாள் குடத்தைச் சுற்றி அதைக் கூடாரமாகக் கட்டி, வெளியிலிருந்து இரண்டு பக்கமும் விளக்கைப் போட்டு, லென்ஸ் நுழைகிற அளவுக்கு மட்டும் சந்து விட்டேன். குடம் பால் மாதிரி வந்தது. அன்றைக்கு ஊட்டி மேகத்தைத்தான் வேட்டியில் கட்டிவைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வேட்டி இன்னும் என் லைட் பையில் இருக்கிறது. துவைத்துத் துவைத்து மெல்லிசாகிவிட்டது, வெளிச்சம் இன்னும் நன்றாக இறங்குகிறது.

மற்ற வேலைகளை அதிகம் நீட்டவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஆள் குடிவராத ஃபிளாட்டுகள், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பதே பாதி வேலை. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் குத்துவிளக்கு ஏற்றுகிற கைகள். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம். ஹோட்டல்காரருக்கு இட்லி, ஆவி அடங்குவதற்குள் எடுக்க வேண்டும். ஒரு இடத்தில் பில் கொடுத்து ஏழு மாதம் கழித்துப் பணம் வந்தது. அந்த ஏழு மாதமும் போனில் உங்களிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். மாதம் பிறந்தால் சம்பளம் என்று வாழ்ந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

காசிமேட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். விடியற்காலை மீன் ஏலம் எடுக்க ஏசி காரில் கூட்டிப் போனார்கள். இறங்கிக் கேமராவைத் தூக்கினால் எதிரே வெறும் வெள்ளை. குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரையின் ஈரக்காற்று பட்டு லென்ஸ் முழுக்கப் புகை படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிகிறது. கூட வந்தவர் பதறிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, மூடுபனி என்னைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று. இருபது நிமிஷம் காத்திருந்தால் கண்ணாடி சூடேறித் தானாகத் தெளியும் என்று ஊட்டிக்காரிக்குத் தெரியாதா? அந்த இருபது நிமிஷத்தில்தான் ஐஸ் உடைக்கிற அம்மாக்களோடு டீ குடித்தேன். தெளிந்த பிறகு அவர்கள் என்னைப் புது ஆளாகப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் காரிலிருந்து இறங்கும் முன்பே கேமராவை பாலிதீன் கவரில் கட்டிவிடுகிறேன், ஈரம் கவரின் மேல் படிந்துவிடும். டீயையும் விடவில்லை.

மார்கழியில் சபாக்களில் கச்சேரி எடுப்பேன். ஃபிளாஷ் கூடாது, ஷட்டர் சத்தமும் கேட்கக் கூடாது. விளக்கணைத்த அரங்கின் ஓரத்தில் சுவரைத் தடவிக்கொண்டே நகரும்போது உங்கள் ஞாபகம் வரும். இங்கே குரல் கொடுக்கவும் முடியாது, தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருக்கும்.

இப்போது உங்கள் கேள்வி. எது அவர்களுக்கு வேண்டிய படம்?

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஆண்டறிக்கைப் படம் எடுக்கப் போயிருந்தேன். நிர்வாகம் கேட்டது புது மெஷினை, பளபளவென்று. எடுத்து முடித்துப் பையைக் கட்டும்போது, பிரஸ் மெஷினில் நின்ற ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம். "மேடம், என்னை ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா? நான் என்ன வேலை செய்யறேன்னு எங்கம்மா பார்த்ததே இல்ல." சூப்பர்வைசர் தலையாட்டினார். எடுத்தேன். ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டு, ஒரு கையை மெஷின் மேல், மாட்டின் முதுகில் வைப்பது போல வைத்துக்கொண்டு நின்றான். அறிக்கை அச்சாகி எனக்கும் ஒரு பிரதி வந்தது, மெஷின் அழகாகத்தான் இருந்தது. அந்தத் தம்பியின் படம் எந்த ஊர் வீட்டுச் சுவரில் இருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். அவன் அம்மா இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன் அப்பா, நீங்கள் வேலை செய்வதை நானும் பார்த்ததில்லையே. அன்றிலிருந்து எந்த வேலை முடிந்தாலும் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிடுகிறேன்: உங்களுக்கென்று ஒண்ணு எடுக்கட்டுமா? பாதிப் பேர் வெட்கப்பட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேர் தலையை வாரிக்கொண்டு வருவார்கள்.

அப்புறம் 2015 டிசம்பர். வெள்ளத்தை நீங்கள் டிவியில் பார்த்தீர்கள், லைன் கிடைக்காமல் தவித்தீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு இன்ஷூரன்ஸுக்காகச் சேதத்தைப் படமெடுக்கிற வேலை வந்தது. ஜாஃபர்கான்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய ஒரு கீழ்த்தள வீடு. பிரிட்ஜ், கட்டில், சுவரில் தண்ணீர் நின்ற கோடு என்று எடுத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு 60 வயதிருக்கும், எதையும் பார்க்கவில்லை. மடியில் ஒரு கல்யாண ஆல்பம், சேற்றோடு. கறுப்பு அட்டையில் மூலைகள் ஒட்டிச் செருகிய பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன. நகத்தால் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிந்த இடத்தில் முகம் உரிந்து அடுத்த தாளோடு போய்க்கொண்டிருந்தது.

அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "பிரிக்க வேணாம்னு சொல்லு. காயவும் விடாதே. சுத்தமான சில்லுனு தண்ணில போடு. ஜெலட்டின் ஊறினா அதுவா விடும்." உங்கள் குரலில் அந்த மாதிரி ஒரு வேகத்தை நான் கேட்டதே இல்லை. சுத்தமான தண்ணீருக்கு அந்த வாரம் எங்கே போவது? இரண்டு தெரு தள்ளி 20 லிட்டர் கேன் இரண்டு வாங்கினோம். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி ஆல்பத்தை இறக்கினேன். சேறு மெல்லப் புகையாகப் பிரிந்து அடியில் இறங்கியது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு படம் தானாக மேலே எழும்பி வந்தது. விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி, படப் பக்கம் மேலாக இருக்கும்படி பழைய காட்டன் புடவையில் பரப்பினோம். சிலவற்றில் ஜெலட்டினே கரைந்து விரலில் வழுக்கியது, அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. மகனின் பிறந்தநாள் கலர்ப் படங்களில் சாயம் ஓடி மஞ்சளும் ஊதாவும் மட்டும்தான் மீதி. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளிதான், 41 படம் பிழைத்தது. வெள்ளி நின்றது அப்பா.

அந்த அம்மா தாலி கட்டுகிற படத்தைத் தேடவில்லை. அது வந்ததும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கடைசியில் பந்தியில் எடுத்த ஒன்று வந்தது. முன்னால் சாப்பிடுகிறவர்கள் பளிச்சென்று இருக்கிறார்கள். பின்னால், கொஞ்சம் கலங்கலாக, கையில் சாம்பார் வாளியோடு ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள். "இதுதான் எங்கம்மா. அவங்களுக்கு வேற படமே கிடையாது," என்றார்.

அதை எடுத்த போட்டோகிராபருக்கு அந்தப் பெண் யாரென்று தெரிந்திருக்காது. ஃபோகஸ்கூட அவள் மேல் இல்லை.

அதற்குப் பிறகு கல்யாணங்களில் என் கால் வேறு பக்கம் போகிறது. கெட்டிமேளத்தின்போது மேடையில் எட்டுப் பேர் கேமராவோடு இருப்பார்கள், பின்னால் எல்இடி திரை நொடிக்கொரு நிறம் மாறி மணப்பெண் முகத்தை நீலமாக்கும். அதை எடுக்காமல் இருக்க முடியாது, காசு அதற்குத்தான். ஆனால் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும், சாப்பாட்டு நேரம் முழுக்கவும் நான் ஓரங்களில் இருப்பேன். மணமகள் அறையில் பூச்சரம் வெட்டுகிற சித்தி. தாம்பூலப் பைகளை எண்ணுகிற மாமா. நாற்காலியை விட்டு எழ முடியாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிற தாத்தா. பரிமாறுகிறவர்களை ஒவ்வொருவராக, முகம் தெளிவாக, பெயர் கேட்டு எடுக்கிறேன். 3,000 படம் ஆவது இதனால்தான். இவற்றில் எது வேண்டியதாகப் போகிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது. இருபது வருடம் கழித்து ஒருத்தி தேடும்போது அவள் அம்மா கலங்கலாக இருக்கக் கூடாது, எனக்கு அவ்வளவுதான் அப்பா.

ஆல்பத்துக்கு 120 படம் தேர்ந்தெடுப்பார்கள். மீதியை அழித்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அழிப்பதில்லை. இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை இங்கே நம் வீட்டு அலமாரியில், நீங்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க 40 வாட் பல்பு எரியவிடுகிறீர்களே, அதற்கு மேல்தட்டில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் எதையோ ஒளித்து வைக்கிறாளே என்று அம்மா கேட்டாளாம். இதைத்தான்.

இன்னும் ஒன்று. அந்த அலமாரியின் அடியில் படம் அச்சுப் போடுகிற இந்து புரோமைடு பேப்பர், பிரிக்காத பாக்கெட் ஒன்று இருக்கிறது, 30 வருடமாவது இருக்கும். பழைய பேப்பரில் வெள்ளை சாம்பல் நிறமாகத்தான் வரும் என்று எனக்கும் தெரியும். 1992-ல் குவார்ட்டர்ஸ் வாசலில், உறைபனி விழுந்த புல்லின் மேல் என்னை நிற்கவைத்து நீங்கள் எடுத்த நெகட்டிவைக் கண்டுபிடித்துவிட்டேன். படத்தை வரவைக்கிற டெவலப்பரும் அதை நிலைக்கவைக்கிற ஹைப்போவும் சென்னையிலிருந்து வாங்கி வந்திருக்கிறேன். நாளைக்குக் குளியலறையில், நெகட்டிவைப் பேப்பர் மேலேயே வைத்து ஒரு கான்டாக்ட் பிரிண்ட் போடுவோம். சென்னையில் டெவலப்பரில் ஐஸ் போட வேண்டும், இங்கே தண்ணீரைச் சூடு பண்ணி 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், அது உங்கள் பொறுப்பு. நீங்கள் டெவலப்பர் தட்டை ஆட்டும்போது நான் உங்களைப் படமெடுக்கப் போகிறேன். இப்போதைய கேமராவுக்கு, பேப்பரைக் கெடுக்காத அந்தச் சிவப்பு பல்பின் வெளிச்சம் போதும். பேப்பரில் வேறு வெளிச்சம் படாமல் இருக்கக் கேமராவின் பின்திரையை அணைத்து, மேலே கறுப்பு டேப்பும் ஒட்டிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

ஜன்னலுக்கு நான் கறுப்புத் துணி அடித்துவைக்கிறேன். பல்பைப் போடும் வரை உள்ளே கும்மிருட்டாக இருக்கும். வரும்போது குரல் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

அன்புடன்,
பாப்பா