மாவு கழன்று வருவது ஏன்?

ஆசிரியருக்கு,

சென்னையில் புதிதாகத் திறக்கும் ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்) கடைகளில் மாவு சவசவவென்று மீனை விட்டுக் கழன்று வருவதற்கு எண்ணெயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, உலர்ந்த மைதாவில் புரட்டிய பிறகே மாவுக் கரைசலில் தோய்க்க வேண்டும். கரைசலுக்கு ஜில்லென்ற சோடா, எண்ணெய்க்கு 180 டிகிரி சூடு. கூட்டம் சேர்ந்ததும் சட்டி நிறையத் துண்டுகளைப் போட்டால் சூடு இறங்கி, மாவு எண்ணெய் குடித்துவிடும். உருளைக்கிழங்கை முதலில் 140 டிகிரி எண்ணெயில் வேகவிட்டு, ஆறவைத்து, மறுபடி 180இல் பொரிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் காட் மீன்தான் வேண்டுமென்பதில்லை. நம் கொடுவாவே தாராளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது உறைந்த பாசாவை (கெளுத்தி வகை வளர்ப்பு மீன்) போட்டால் மெனுவில் அதைச் சொல்லிவிடட்டும். பார்சல் டப்பாவிலும் இரண்டு ஓட்டை போடுங்கள், ஆவி வெளியேறட்டும்.

– வாசகர், பெசன்ட் நகர், சென்னை