மக்சிக், உங்கள் செருப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது

அப்பா நேற்று இரவு நன்றாகத் தூங்கினார். நாங்கள்தான் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் அப்பா காணாமல் போனது உங்களுக்குத் தெரியும், தேடியவர்களே நீங்கள்தானே. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

படகுத்துறையில் ஏறி இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவைத்த படகுக்கார அங்கிள்கள், சைக்கிள் கடையை மூடிவிட்டுத் தேடக் கிளம்பிய தம்பி, நடைபாதையை இரண்டு முறை சுற்றிவந்த பூங்கா ஊழியர்கள், அப்பாவின் படத்தைப் பகிர்ந்தவர்கள், பன்னிரண்டு பேர் சேரட்டும் என்று காத்திராமல் எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு சாங்கிக் கரைக்குத் திரும்பிய படகு... எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அங்கே கைப்பேசி சட்டென்று மலேசிய அலைவரிசைக்குத் தாவிவிடும். நீங்கள் அழைத்தும் நான் எடுக்காததற்கு அதுதான் காரணம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த மக்சிக், மலாய்க்காரர்கள் அத்தை என்பதுபோல் மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

கம்பத்து (தீவின் கிராமத்து) வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அப்பா. மக்சிக் தரையில் குந்தி, அப்பாவின் முழங்கால்வரை அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அரசாங்கக் குழாய்த் தண்ணீர் எட்டாத தீவு அது. அத்தனையும் கிணற்றில் இறைத்த தண்ணீர். நான் அழுதுகொண்டே ஓடினேன். அவர் ஈரக் கையை உயர்த்தி, "பெலான், பெலான்" என்றார். மெதுவாம். அப்புறம் மரத்தைக் காட்டினார்.

இரண்டு இருவாச்சிகள். சிங்கப்பூரில் இல்லாமலே போய், 1994-ல் இந்தத் தீவுக்குத் திரும்பி வந்த பறவை. ஒன்று பழத்தை அலகு நுனியில் பிடித்து, மேலே தூக்கிப் போட்டு, வாயை அகலத் திறந்து விழுங்கியது. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்வரை மக்சிக் என்னை அப்பாவின் பக்கத்தில் விடவில்லை.

அப்பாவுக்கு இப்போதெல்லாம் தமிழிலேயே வார்த்தை தட்டுகிறது. மக்சிக்கிடம் மட்டும் மலாயில் பேசியிருக்கிறார், துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துப் பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய். என்ன சொன்னார் என்று கேட்டேன். "பிந்தாங் லாவுட்." நட்சத்திர மீன். மகள் பார்க்க ஆசைப்பட்டாளாம், அதைத் தேடித்தான் சேற்றில் இறங்கினாராம்.

அந்த மகள் நான்தான். 2001-ல் இந்தத் தீவின் சேற்றுக் கடற்கரையான செக் ஜாவாவை மண் கொட்டி நிரப்பப் போகிறார்கள் என்று, இருக்கும்போதே பார்த்துவிட ஆளாளுக்குக் கிளம்பினார்கள். அப்பாவும் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு ஐந்து வயது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது, ஒன்றையும் பார்க்கவில்லை. அந்த டிசம்பரிலேயே நிரப்பும் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். நான் மறந்தே போனேன்.

கிளம்பும்போது பார்த்தால் அப்பாவின் செருப்பில் ஒன்றைச் சேறு விழுங்கியிருந்தது. மக்சிக் தன் நீல ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் காலில் மாட்டினார். அறுந்த வாரைச் சிவப்பு ராஃபியாக் கயிற்றால் கட்டியிருந்தார். அப்பாவின் குதிகால் பாதி வெளியே தொங்கியது. வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, சரளைப் பாதையில் வெறுங்காலோடு வேன்வரை வந்து, அப்பாவிடம் "சூடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று! எங்கள் ரொட்டிப் பையைக் காட்டுப்பன்றி இழுத்துக்கொண்டு போனதும், அதை விரட்ட நான் திரும்பிய நேரத்தில்தான் எல்லாம் நடந்ததும் அவருக்கு எப்படித் தெரியும்?

மக்சிக்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கம்பத்துப் பக்கம் போகிறவர்கள் யாராவது சொல்லிவிடுங்கள்: செருப்பைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், ராஃபியாக் கயிற்றை அவிழ்க்கவில்லை. புது ஜோடி ஒன்றும் வாங்கியாகிவிட்டது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கடல் வற்றும் நேரத்தை இந்தமுறை சரியாகப் பார்த்து வைத்திருக்கிறேன். நடைபாதையை விட்டு இறங்கமாட்டோம், பூங்கா ஊழியர்கள் பயப்பட வேண்டாம்.